மோர்ஸுக்கு எவ்வளவு மடை திறக்கணும்?

அரசாங்கத் தந்தி 2013 ஜூலையோட நின்னுபோச்சு. ஆனா ஹாம் ரேடியோக்காரங்க நாங்க இன்னும் மோர்ஸ் தட்டிக்கிட்டுதான் இருக்கோம். கம்பம் பள்ளத்தாக்குல அதுக்கு ஒரு காரணமும் இருக்கு. ஒரு பக்கம் மேகமலை, இன்னொரு பக்கம் இடுக்கி மலை. கையில வச்சுப் பேசுற சின்ன வயர்லெஸ் மலையைத் தாண்டிப் போகாது. 7 மெகாஹெர்ட்ஸ் அலை வானத்துல பட்டுத் திரும்பி, மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிடும். பேச்சு புரியாத அளவுக்கு மங்கலா வந்தாலும் மோர்ஸ் புரியும். 5 வாட்ஸ் இருந்தாலே ரொம்ப தூரம் போகும்.

புதுசா இதுல இறங்கியிருக்குற தம்பி ஒருத்தர் கேட்டார்: "அண்ணே, மோர்ஸுக்கு 500 ஹெர்ட்ஸ் பில்டர் போடவா, 250 போடவா? குறுகலா இருந்தா இன்னும் நல்லதுதானே?"

பில்டர்ங்கிறது மடை மாதிரி. பேச்சு வரணும்னா 2,400 ஹெர்ட்ஸ் அளவுக்குத் திறந்திருக்கணும். நிதானமாத் தட்டுற மோர்ஸுக்கு 100 கூட வேண்டாம். பேச்சு மடையைத் திறந்து வச்சுக்கிட்டு மோர்ஸ் கேட்டா, பக்கத்துல தட்டுற நாலஞ்சு பேரும் சேர்ந்தே உள்ள வந்துடுவாங்க. ஹைதராபாத் அஷ்ஹர் பர்ஹான் வடிவமைச்ச பிட்எக்ஸ் மாதிரி நாமளே செஞ்சுக்கிற ரேடியோவுல, பேச்சுக்கான கிரிஸ்டல் பில்டர்தான் இருக்கும். அதை 500க்கு குறுக்கினா, சீரா வர்ற இரைச்சல் ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்காயிடும். 250ன்னா அதுலயும் பாதி.

அப்ப 250தானே சரின்னு தோணும். ஆனா எங்க ஊரு இரைச்சல் எல்லாமே சீரானது இல்ல. காட்டுப்பன்னிக்குப் பயந்து போட்ட சோலார் வேலி, நொடிக்கு ஒரு தடவை ரேடியோவுல 'டக்'குனு அடிக்கும். ஐப்பசி மாசம் மின்னல் வேற. வெட்டி வெட்டி வர்ற இந்தச் சத்தம் குறுகலான பில்டருக்குள்ள போனா, மணி அடிச்ச மாதிரி இழுக்கும். 'டக்' வந்து 'டொய்ங்' ஆயிடும். எது மோர்ஸ் புள்ளி, எது வேலின்னு காது தடுமாறும். வேலிச் சத்தத்தை, பில்டருக்குப் போறதுக்கு முன்னாடியே நாய்ஸ் பிளாங்கர்தான் வெட்டணும்.

இன்னொண்ணு. நம்மளை ஒருத்தர் 200 ஹெர்ட்ஸ் தள்ளி நின்னு கூப்பிட்டா, 500ல கேக்கும். 250ல அநேகமா கேக்காது.

இது விளையாட்டு விஷயம் இல்ல. 2004 சுனாமியப்ப அந்தமான்ல தொடர்பெல்லாம் அறுந்து கிடந்தப்போ, போர்ட் பிளேர்ல இருந்து பாரதி பிரசாத்தும் அவங்க கூட இருந்தவங்களும் ஹாம் ரேடியோ வழியாத்தான் சேதி அனுப்பினாங்க. அந்த மாதிரி நாள்ல கூப்பிடுறவங்க, நம்ம மடைக்கு நேரா அளவெடுத்து நின்னு கூப்பிட முடியுமா?

அதனால தம்பிகிட்ட சொன்னேன்: ஒரே ஒரு பில்டருக்குத்தான் காசுன்னா 500 போடுங்க. அகலமா வச்சு ஆளைத் தேடுங்க. டிஜிட்டலா வடிகட்டுற புது ரேடியோவா இருந்தா, ஆள் கிடைச்சதும் குமிழைத் திருகிக் குறுக்கிக்கலாம், தனி பில்டரே வேண்டாம். எதுவா இருந்தாலும், வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வாரம் ராத்திரி உக்காந்து உங்க வீட்டு இரைச்சலைக் கேளுங்க. மண்ணைப் பாக்காம யாரும் விதை வாங்குறதில்லையே.