கேசட்டும் ஜக்கார்டு அட்டையும்

ஒரு பொருள் இயங்காது நின்றுவிட்டால், அதனைச் "செத்துப் போயிற்று" என்று கூறி ஒதுக்கிவிடுவது உலக வழக்கு. கடிகாரம் நின்றாலும், வானொலி பேசாவிடினும் இச்சொல்லையே வழங்குகின்றோம். உயிருள்ளவற்றிற்கு உரிய சொல்லை உயிரில்லாதவற்றின்மேல் ஏற்றிக் கூறுவதில் ஒரு வசதியுண்டு. செத்ததற்குச் சிகிச்சை வேண்டுவதில்லை அல்லவா? பழைய வீடியோ கேம் கேசட்டுகளைப் பழுது பார்க்கும் சிறு வேலையில் சில ஆண்டுகளாய் ஈடுபட்டுவந்த யான், இத்தீர்ப்புப் பெரும்பாலும் அவசரத் தீர்ப்பே எனக் கண்டேன். கண்டவற்றுட் சிலவற்றை இக்கல்லூரி மாணவ நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

கேசட்டு என்று நம் நாட்டுச் சிறுவர் பெயரிட்டு வழங்கிய இப்பொருளுள் நாடா என்பது கிடையாது. பிளாஸ்டிக் கூடு ஒன்று. அதனுள் ஒரு மின்சுற்றுப் பலகை. அப்பலகைமேல் ஆட்டத்தின் விவரம் முழுவதையும் தாங்கிய சில்லு ஒன்றோ இரண்டோ. பலகையின் விளிம்பில் வரிசையாய் அமைந்த உலோகத் தகடுகள். இவ்வளவே. கேசட்டை மாற்றி மாற்றிச் செருகி ஒரே யந்திரத்தில் பல ஆட்டங்கள் ஆடும் முறை 1976-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபேர்சைல்டு கம்பெனியாரின் சானல் எஃப் என்னும் யந்திரத்தோடு வீடுகளுக்கு வந்தது. அதனை ஆக்கிய பொறியியலாளர் குழுவுக்குத் தலைவராயிருந்தவர் ஜெரி லாசன் என்பார். 1983-இல் ஜப்பானியரான நின்டெண்டோ கம்பெனியார் ஃபேமிலி கம்ப்யூட்டர் என்பதை வெளியிட்டனர். அதன் கேசட்டில் அறுபது தகடுகள் உண்டு. 1990-களில் நம்மூர்க் கடைகளில் விற்கப்பட்டவை பெரும்பாலும் இதனைப் பார்த்துச் செய்த போலி யந்திரங்களே; கேசட்டுகளும் உரிமை பெறாத நகல்களே. எனினும் நம் நாட்டுச் சிறுவர் பலர்க்கு முதன்முதல் வாய்த்த கணிப்பொறி அதுவேயாம்.

நிற்க. பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன காஞ்சிபுரத்திற்கும் இக்கேசட்டுக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவக்கூடும். தொடர்பு உண்டு, அதுவும் நெருங்கிய உறவே. யான் பிறந்தது பிள்ளையார்பாளையத்துத் தறி வீடொன்றில். எந்தையார் தறிக்குழியில் அமர்ந்து கரையும் முந்தானையும் நெய்கையில், தலைக்குமேல் ஜக்கார்டு என்னும் பொறி ஏறியிறங்கிக் கொண்டிருக்கும். துளையிட்ட அட்டைகள் கயிற்றால் மாலைபோற் கோக்கப்பட்டு அதன்மேற் சுழன்று வரும். அட்டையில் துளையுள்ள இடத்தில் ஊசி உட்புகும். அவ்வூசிக்குரிய கொக்கி மேலெழுந்து தன் பாவிழைகளைத் தூக்கும். துளையில்லாத இடத்தில் ஊசி தள்ளுண்டு பின்செல்ல, கொக்கி எழாது நின்றுவிடும். உண்டு, இல்லை என்னும் இவ்விரண்டு சொற்களாலேயே மயிலும் அன்னமும் யாளியும் பட்டில் உருப்பெறுகின்றன. பிரான்சு தேசத்து லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு என்பவர் 1804-இல் இப்பொறியை அமைத்தார். ஆங்கில நாட்டுக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ், தாம் கருதிய கணிப்பொறிக்கு இத்துளை அட்டையையே கைக்கொள்ள எண்ணினார். ஆகவே கேசட்டிலுள்ள சில்லு ஜக்கார்டு அட்டையின் வழித்தோன்றல் என்பது மிகையன்று.

ஒரு கணக்குச் சொன்னால் இவ்வுறவு விளங்கும். 1985-இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் என்னும் ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. அஃதாவது 3,27,680 'உண்டு, இல்லை'கள். இவற்றை 240 கொக்கி ஜக்கார்டுக்குரிய அட்டைகளில் துளையிட்டால் ஏறக்குறைய 1,366 அட்டைகள் வேண்டும். ஓர் அறையின் மூலையிற் குவித்து வைக்கத் தக்க அட்டை மாலை, விரல் நகத்தினும் சிறிய சில்லுகளுள் ஒடுங்கிவிட்டது, வேறுபாடு அவ்வளவே.

இனி, பழுது பார்க்கும் முறையைக் கூறுவேன். இயங்காத கேசட்டு கைக்கு வந்ததும் முதலிற் செய்யத் தக்கது, நன்றாய் இயங்கும் வேறொரு கேசட்டைச் செருகி யந்திரத்தைச் சோதிப்பது. குற்றம் யந்திரத்தினதாயிருக்கக் கேசட்டைத் தண்டித்தல் நீதியன்று. அடுத்து, விளிம்புத் தகடுகளை நோக்குக. ஆண்டுக்கணக்காய்ப் பரணிற் கிடந்ததால் தூசியும் அழுக்கும் கைப்பிசுக்கும் படிந்து, உலோகம் மங்கியிருக்கும். பஞ்சு சுற்றிய குச்சியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பஞ்சு கறுக்காமல் வரும்வரை துடைத்து, நன்கு உலரவிட்டுச் செருகினால், "செத்த" கேசட்டுகளுட் பல எழுந்துவிடும். அழுக்கு மிகக் கடினமாயின் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்க்கலாம். வன்மையாய்த் தேய்த்தால் மெல்லிய பூச்சும் உடன் போய்விடும்.

சிறுவர் யாவரும் கையாண்ட பழைய வைத்தியம் வாயால் ஊதுவது. மண்ணால் வனைந்த உருவின் நாசியில் ஊதி உயிர் தருதல் படைத்தவர் ஒருவர்க்கே இயல்வது. நாம் ஊதினால் உட்செல்வது எச்சிலின் ஈரமே. அவ்வீரம் நாளடைவில் தகடுகளை அரித்துவிடும் என்று நின்டெண்டோ கம்பெனியாரே எச்சரித்துள்ளனர். ஊதியபின் கேசட்டு இயங்கியதுண்டே எனின், கழற்றி மீண்டும் செருகியதால் தகடுகள் புதிதாய்ப் பொருந்தியதே பெரும்பாலும் அதற்குக் காரணமாம்.

துடைத்தும் இயங்காவிடின், திரையையே நூலாக எண்ணிப் படித்தல் வேண்டும். இவ்வகைக் கேசட்டுகளிற் பெரும்பாலனவற்றுள் விவரம் இரு கூறாய் வைக்கப்பட்டிருக்கும். ஒன்று ஆட்டத்தை நடத்தும் கட்டளைகள். மற்றொன்று திரையில் தோன்றும் உருவங்கள். திரை வெறுமையாய் ஒரே நிறத்தில் நின்றால், குற்றம் பெரும்பாலும் கட்டளைப் பக்கத்தது. இசை முறையாய் ஒலிக்க, ஆட்டமும் நடக்க, உருவங்கள் மட்டும் சிதைந்து தோன்றினால் உருவப் பக்கத்தில் தேடுக.

இவ்விடத்து ஒரு நிகழ்ச்சி சொல்லத் தக்கது. எந்தையார் முழங்கால் நோவினால் தறிக்குழியை விட்டெழுந்து ஓராண்டு கழிந்திருந்தது. தறியைப் பிரித்துப் பரணில் ஏற்றிவிட்டோம். நாற்பது ஆண்டுகள் கற்ற தொழில் ஒன்றுக்கும் உதவாததாயிற்று என்னும் எண்ணம் அவர் நெஞ்சில் இருந்தது. அதனை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. விடுமுறையொன்றில், எறிந்துவிடும்படி நண்பர் பலரும் கூறிய ஒரு கேசட்டை யான் செருகிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இசை பிழையின்றி ஒலித்தது. உருவங்களோ குறுக்கும் நெடுக்கும் கீறுண்டவைபோற் காணப்பட்டன. கூடத்திற் படுத்திருந்த தந்தையார் எழுந்து வந்து திரையைச் சற்றுநேரம் நோக்கினார். பின்பு விரலால் இடைவெளியை அளந்து, "தம்பி, குறுக்கே பார்க்காதே, நெடுக்கே பார். ஒரே அளவு தள்ளித் தள்ளி ஒரே கோடுதான் கெட்டிருக்கிறது. இது அட்டைப் பிழை அன்று, ஒரு கொக்கி ஏறவில்லை" என்றார்.

அவர் சொல்லின் நுட்பம் தறி அறியாதார்க்கு விளங்க வேண்டுமாதலின் விரித்துரைப்பேன். ஜக்கார்டில் ஓர் அட்டை கிழிந்திருந்தால், அட்டை மாலை ஒரு சுற்று வரும்போது ஓர் ஊடையில் மட்டும் பிழை விழும். ஒரு கொக்கி பழுதானாலோ, அதிற் கட்டிய பாவிழைகள் யாவும் துணியின் நீளம் நெடுகப் பிழைபட்டுக்கொண்டே போகும். கேசட்டிலும் அவ்வாறே. திரையின் உருவங்கள் எட்டுப் புள்ளி அகலமும் எட்டுப் புள்ளி உயரமும் கொண்ட சிறு கட்டங்களால் ஆனவை. ஒவ்வொரு கட்டத்தின் எட்டு நெடுவரிசைகளும் எட்டு மின்கம்பிகள் வழியே வருகின்றன. எட்டில் ஒரு கம்பி அறுந்தால், எல்லாக் கட்டங்களிலும் அதே நெடுவரிசை கெடும். எட்டுக் கொக்கிகளுள் ஒன்று ஏறவில்லை என்பதே அதன் பொருள்!

அவர் காட்டிய வழியே மல்டிமீட்டரை வைத்து, சில்லின் கால்களுக்கும் விளிம்புத் தகடுகளுக்கும் இடையே அவ்வெட்டுப் பாதைகளை மட்டும் ஒவ்வொன்றாய்ச் சோதித்தேன். ஏழில் மீட்டர் ஒலித்தது, ஒன்றில் ஒலிக்கவில்லை. பூதக்கண்ணாடியில் அவ்விடத்தை நோக்க, மயிரிழையளவான ஒரு விரிசல் தெரிந்தது. மெல்லிய கம்பித் துண்டொன்றை அவ்விரிசலின்மேற் பாலம்போல் வைத்து ஈயத்தாற் பற்றவைத்தேன். உருவங்கள் தெளிந்தன. தந்தையார் மகிழ்ச்சி ஒன்றும் காட்டினாரில்லை. பெட்டியிற் கிடந்த மற்றவற்றைச் சுட்டி, "அடுத்ததைப் போடு, பார்ப்போம்" என்றார். அன்று நாங்கள் இருவரும் இரவு உணவை மறந்தோம்.

எல்லாம் இங்ஙனம் எளிதில் முடியுமென்று யான் கூற வரவில்லை. மலிவான கேசட்டுகளிற் சில்லின்மேல் கரிய பசை ஒரு பொட்டுப்போல் வார்க்கப்பட்டிருக்கும். அப்பசையின் உள்ளே பழுது நேர்ந்தால் நம் கைக்கு எட்டாது. சில்லே கெட்டுவிட்டால், அதே விவரம் தாங்கிய வேறு சில்லை வைப்பதன்றி வேறு வழியில்லை. ஆட்டத்தின் நிலையைச் சேமித்து வைக்கும் உயர்ந்த வகைக் கேசட்டுகளில் நாணயம் போன்ற மின்கலம் ஒன்றிருக்கும். அது வற்றினால் நினைவு போகுமேயன்றி ஆட்டம் போகாது. இவ்வேறுபாடுகளைத் தெரிந்து, இறந்ததை இறந்தது என்று சொல்லவும் துணிவு வேண்டும். ஆனால் அச்சொல் சோதனையின் முடிவில் வரவேண்டுமேயன்றித் தொடக்கத்தில் வரலாகாது.

யான் திறந்து பார்த்த கேசட்டுகளுட் பெரும்பாலனவற்றில், உள்ளே எழுதப்பட்டது அழியவில்லை. வெளியுலகத்தோடு அதனைப் பொருத்தும் இடமே கெட்டிருந்தது. தொழிலறிவுக்கும் இஃது ஒக்கும். தறி பரணேறியதால் நெசவறிவு அழிந்துவிடவில்லை. அதனைக் கேட்பார் இல்லாமையால் அது பேசாதிருந்தது. நம் இல்லங்களிலும் இத்தகைய முதியோர் உளர். அச்சுக்கோத்தவரும், கடிகாரம் பழுது பார்த்தவரும், சாயம் தோய்த்தவரும் நம் பாடநூல்களிற் காணாத பலவற்றை அறிவர். மாணவ நண்பர்களே! விடுமுறைக்கு வீடு செல்லுங்கால், உங்கள் கையிலுள்ள பழுதான பொருளொன்றை அவர்முன் வைத்து, இதனைப்பற்றி என்ன நினைக்கின்றீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பொருள் இயங்கினும் இயங்காவிடினும், அக்கேள்வி வீண் போகாது.