பன்னிரண்டாவது பெயர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா மகள் அமெரிக்காவிலிருந்து வீடியோ காலில் வந்தாள். அங்கே அவளுடைய பத்து வயது மகள் 'சியர்லீடிங்' குழுவில் இருக்கிறாள். நமக்கு அந்த வார்த்தை 2008இல் ஐ.பி.எல். வந்தபோதுதான் தெரியும். பவுண்டரிக்கு நாலு பெண்கள் ஆடுவார்கள், அவ்வளவுதான். அங்கே அது தனிப் போட்டியாம். ஒருத்தி தோளில் ஒருத்தி ஏறி நிற்பது, மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பது, குட்டிக்கரணம் அடிப்பது என்று இரண்டரை நிமிடம் உயிரைக் கொடுத்து ஆடுகிறார்கள். 2021இல் ஒலிம்பிக் கமிட்டியே அந்த விளையாட்டுக்கு முழு அங்கீகாரம் கொடுத்திருக்கிறது.

பிள்ளை அழுதுகொண்டிருந்தது. தோழிகள் எல்லாம் ஒரு குழுவுக்குப் போய்விட்டார்கள், பிறந்த வருடம் ஒத்துவரவில்லை என்று இவளை வேறு குழுவில் போட்டுவிட்டார்களாம். "ஒரு வருசந்தான மாமா வித்தியாசம். சேத்துக்கிட்டா என்ன கொறஞ்சா போயிருவாங்க? நீங்க பி.டி. வாத்தியார்தான, சொல்லுங்க" என்றாள்.

"சட்டம்னா சட்டந்தாம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு இடது தோளில் கை போனது. காறை எலும்பில் ஒரு மேடு இருக்கிறது. முப்பது வருடமாக இருக்கிறது.

*

எங்கள் ஊர் புதியம்புத்தூர். ஓட்டப்பிடாரம் பக்கம், தூத்துக்குடிக்கு மேற்கே. சுற்றிலும் கரிசல். மழை பெய்தால் பருத்தி, உளுந்து, கம்பு, மிளகாய். பெய்யாவிட்டால் ஒன்றும் இல்லை. ஊருக்குள் வந்தால் கதை வேறு. தெருவுக்குத் தெரு தையல் மிஷின் ஓடும் சத்தம்தான். சின்னப் பிள்ளைகளின் கவுன், சட்டை தைத்து வெளியூர்களுக்கு அனுப்புகிற ரெடிமேட் தொழில் இந்த ஊரைப் பிழைக்க வைத்தது.

நான் பிறந்தது 1981 கார்த்திகையில். திருக்கார்த்திகைக்கு மறுநாள் என்று அம்மா சொல்வாள். பதிவு கிதிவு கிடையாது. 1985 ஜூனில் அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனபோது எனக்கு மூன்றரை வயது. அம்மா மிளகாய்க்காட்டுக்குப் போய்விட்டால் என்னைப் பார்க்க ஆள் இல்லை. எம்.ஜி.ஆர். சத்துணவு ஆரம்பித்து மூன்று வருடம் ஆகியிருந்தது, மதியச் சோறு நிச்சயம். வாத்தியார் வழக்கமான சோதனையை வைத்தார். வலது கையைத் தலைக்கு மேலாகப் போட்டு இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. எனக்கு எட்டவில்லை. தலையைச் சாய்த்துத் தொட்டேன். வாத்தியார் சிரித்துக்கொண்டே பதிவேட்டில் 1.6.1980 என்று எழுதினார்.

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். மீதிப் பேர் மே மாதம்.

மூன்றரை வயதுப் பயலுக்கு 'அ' எப்படி வரும்? ஒன்றாம் வகுப்பிலேயே இரண்டு வருடம் இருந்தேன். அப்படியாக, 1994இல் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது எனக்கு நிஜத்தில் பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று ஓடிக்கொண்டிருந்தது. காகிதத்தில் பதினாலு முடிந்திருந்தது.

*

அந்த வருடம் குறுவட்டப் போட்டியில் கபடிக்கு 14 வயதுக்குட்பட்டோர் அணி எடுத்தார்கள். 1.1.1981 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள்தான் ஆடலாம். நான் காகிதத்தில் ஏழு மாதம் மூத்தவன். நிஜத்தில் பதினோரு மாதம் இளையவன். பாடிப் போவதில் எங்கள் பள்ளியில் என்னைவிட வேகமானவன் கிடையாது. பிடிக்கிறதுக்கு உடம்பில் சதையும் கிடையாது.

கபடிக்குப் பன்னிரண்டு பேர் பட்டியல். ஏழு பேர் களத்தில், ஐந்து பேர் வெளியே. பன்னிரண்டாவதாக ஒரு பையனின் பெயர் இருந்தது. அவன் என் சிநேகிதன், ஒரே தெரு. ஆஸ்பத்திரியில் பிறந்தவன், பிறப்புச் சான்றிதழ் உள்ளவன். நிஜமும் காகிதமும் ஒன்றாக இருந்த ஒரே பயல் அவன்தான். ஆட்டம் சுமார். ஆனால் ஒருநாள்கூடப் பயிற்சிக்கு வராமல் இருந்ததில்லை. சுண்ணாம்புக் கோடு போடுவதும் தண்ணீர் எடுத்து வருவதும் அவன்தான்.

அவன் அம்மா ஒரு ரெடிமேட் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தார்கள். பட்டியலில் பேர் வந்ததும், வெட்டு மிச்சமான சிவப்புத் துணியில் 12 என்று கத்தரித்து, வெள்ளைப் பனியன் முதுகில் வைத்துத் தைத்துக் கொடுத்தார்கள். எண்ணுக்கு இரட்டைத் தையல், ஓரத்தில் பிசிறில்லாமல். தெருவே வந்து பார்த்தது.

போட்டி அன்று காலை ஏழு மணிக்குப் பள்ளி வாசலில் எங்கள் வாத்தியார் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். ஐந்து நிமிடம் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "இன்னைக்கு ஒம் பேரு அவம்பேருலே. மறந்துராத. அப்பா பேரும் அவங்கப்பா பேருதான்" என்றார். நான் அவனைப் பார்த்தேன். அவன் ஒன்றும் சொல்லாமல் பனியனைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். உள்ளே போட்டிருந்த பழைய சட்டையோடு படிக்கட்டில் உட்கார்ந்தான். நாங்கள் வேனில் ஏறிவிட்டோம்.

எனக்கு வருத்தமாக இருந்ததா? உண்மையைச் சொன்னால், அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

*

இரண்டு ஆட்டம் ஜெயித்தோம். மூன்றாவது ஆட்டத்தில் எதிர் அணியில் ஒருத்தனுக்கு மீசை அரும்பி, குரல் உடைந்திருந்தது. என்னைவிட ஒரு முழம் உயரம். பாடிப் போனேன். அவன் குறுக்கே விழுந்து இடுப்போடு தூக்கி அடித்தான். ஆட்ட விதிப்படி அது சரியான பிடிதான். ஆனால் விழுந்தது முப்பது கிலோ உடம்பு. மேலே விழுந்தது ஐம்பதுக்கும் மேலே. தோளுக்குள் குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும்போது பேர் கேட்டார்கள். நான் வாத்தியாரைப் பார்த்தேன். அவர் சிநேகிதன் பேரைச் சொன்னார். அப்பா விஷயம் தெரிந்து சைக்கிளில் வந்து சேர்ந்து, கபடி ஆடி அடிபட்ட பையன் எங்கே என்று கேட்டிருக்கிறார். என் பேரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அப்படி யாரும் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒருமணி நேரம் அவர் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். நான் பத்தடி தள்ளி உள்ளே இன்னொருத்தன் பேரில் படுத்திருந்தேன்.

அந்த வாத்தியார் கெட்டவர் இல்லை. கைக்காசு போட்டு எங்களுக்கு வாழைப்பழம் வாங்கித் தந்தவர். நிஜ வயதுக்கு நியாயம் செய்ததாகத்தான் அவர் நினைத்திருப்பார். அந்த மீசைக்காரனையும் நான் திட்டியதில்லை. அவனுக்கும் ஏதோ ஒரு ஊரில் ஒரு வாத்தியார் ஒரு தேதி எழுதியிருப்பார். பருத்தி எடுக்கப் போய் இரண்டு வருடம் பிந்திப் பள்ளிக்கூடம் வந்தவனாக இருக்கலாம்.

*

பிற்பாடு நானே உடற்கல்வி ஆசிரியர் ஆனேன். படிக்கும்போதும் பிறகும் இந்த வயது விவகாரத்தைத் தேடித்தேடிப் படித்திருக்கிறேன்.

காதைத் தொடும் சோதனை நம் ஊரில் மட்டும் இல்லை, பிலிப்பைன்ஸ் மாதிரியான இடங்களிலும் இருந்திருக்கிறது. இன்றைக்கும் வயது பார்க்கக் கையைத்தான் பார்க்கிறார்கள், எக்ஸ்ரேயில். டி.டபிள்யூ. 3 என்ற முறையில் இடது மணிக்கட்டு எலும்புகளின் வளர்ச்சியைப் பார்த்து மதிப்பிடுகிறார்கள். நம் கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு இதைப் பயன்படுத்துகிறது. கால்பந்தில் 2009 முதல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். ஆனால் எலும்பு பிறந்த தேதியைச் சொல்லாது, வளர்ந்த அளவைத்தான் சொல்லும். ஒரே நாளில் பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு வருட வித்தியாசம்கூடக் காட்டலாம். நல்ல சோறு கிடைத்த பிள்ளையின் எலும்பும் கிடைக்காத பிள்ளையின் எலும்பும் ஒன்றாக வளர்வதில்லை.

2000 சிட்னி ஒலிம்பிக்கில் சீனப் பெண்கள் ஜிம்னாஸ்டிக் அணி வெண்கலம் வாங்கியது. அதில் ஆடிய டோங் ஃபாங்சியாவோவுக்கு அப்போது 14 வயது. 16 ஆகியிருக்க வேண்டும். எட்டு வருடம் கழித்து பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அதிகாரியாக வேலை பார்க்க அவர் தன் சரியான பிறந்த வருடத்தைக் கொடுத்தபோதுதான் குட்டு உடைந்தது. 2010இல் பதக்கத்தைப் பிடுங்கி அமெரிக்க அணிக்குக் கொடுத்தார்கள். ஒருத்தியின் தேதிக்காக மொத்த அணியும் பதக்கத்தை இழந்தது. அந்தத் தேதியை அந்தச் சிறுமியா எழுதியிருப்பாள்?

ராகுல் திராவிட் 2015 பட்டௌடி நினைவுச் சொற்பொழிவில் இதைத்தான் பேசினார். வயதைக் குறைத்து ஆட வைக்கும்போது பெரியவர்களே பிள்ளைக்கு ஏமாற்றக் கற்றுக்கொடுக்கிறோம் என்பது அவர் கவலை. என் கவலை இன்னும் ஒன்று: உண்மையாக அந்த வயதில் இருக்கிற பிள்ளை வெளியே உட்கார்கிறது.

மும்பையில் கோகுலாஷ்டமிக்கு மனிதக் கோபுரம் கட்டிப் பானை உடைப்பார்களே, அதன் உச்சியில் ஏற்றப்படுவது எடை குறைந்த சின்னப் பிள்ளைதான். 2014இல் பம்பாய் உயர்நீதிமன்றம் 18 வயதுக்குக் கீழே யாரும் ஏறக் கூடாது என்றது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய்த் திரும்பி, 2017இல் 14 வயது என்று நின்றது. சியர்லீடிங்கும் இதே மாதிரிதான். தூக்கிப் போடுகிறவர்கள் பெரியவர்கள், பறக்கிறது சின்னது. அதனால்தான் அங்கே வயதுக்கு மேல் வரம்பு மட்டுமல்ல, கீழ் வரம்பும் வைத்திருக்கிறார்கள். அக்கா பேத்தி அழுதது அந்தக் கீழ் வரம்புக்காக. அவளைத் தள்ளி வைத்ததாக அவள் நினைக்கிறாள். அவள் கழுத்து எலும்பை யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார்.

*

இங்கே பட்டியலில் கடைசிப் பேருக்கும் மதிப்பு உண்டு. களத்தில் இறங்காமல் வெளியே உட்கார்ந்த பன்னிரண்டாவது ஆளுக்கும் அதே சான்றிதழ்தான். அது மாநில அளவு என்றால் கல்லூரியில் இடம், அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு என்று நீளும். ஆகவே ஜூலை மாதம் வந்தால் எனக்குப் போன் வரும். "சார், நம்ம பயதான், சும்மா பேரு மட்டும் போடுங்க, ஆட வேண்டாம்." கோவில்பட்டியை ஹாக்கிப்பட்டி என்பார்கள். அந்த ஊர் மாரீஸ்வரன் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார். இந்தக் கரிசலில் மட்டை பிடிக்கிற, பாடிப் போகிற ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் அப்படி ஒரு கணக்கு ஓடும். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன்.

போன வருடம் ஒரு அம்மா வந்தார். மகள் நன்றாக ஆடுவாள். பதிவேட்டுத் தேதி வரம்பை இருபது நாள் தாண்டியிருந்தது. "நெசத்துல எம்புள்ள சின்னவ சார். பேச்சுக்கு வேற புள்ள பேருல ஆடட்டுமே" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். மாட்டேன் என்றேன். பிறப்புப் பதிவு இருந்தால் பள்ளிப் பதிவேட்டில் திருத்த எழுதிக் கேட்போம், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாகிவிட்டால் பெரும்பாடு, இப்போதே செய்வோம் என்றேன். பதிவு இல்லை. அந்தப் பெண் அந்த வருடம் மூத்தவர்கள் அணியில் ஆடி முதல் சுற்றிலேயே தோற்றாள். அவள் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே பிறந்த தேதிக்கான ஆதாரம் என்று சட்டம் வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் 14 வயதுக்குட்பட்ட ஆட்டத்துக்கு வரும்போது நான் ஓய்வு பெறுகிற வயதில் இருப்பேன். வரட்டும்.

*

அக்கா மகள் பேசிய அன்று சாயங்காலம் சிநேகிதன் வீட்டுக்குப் போனேன். இப்போது அவன் நாலு மிஷின் போட்டுச் சொந்தமாகக் குழந்தைகள் கவுன் தைக்கிறான். தீபாவளி ஆர்டர், உட்கார நேரமில்லை. ஓவர்லாக் மிஷினில் இருந்தபடியே பேசினான். அந்த 1994 பற்றி நாங்கள் பேசியதே இல்லை. அன்று கேட்டேன்.

எழுந்து போய் பீரோவிலிருந்து ஒரு லேமினேட் செய்த சான்றிதழைக் கொண்டுவந்தான். பங்கேற்றதற்கானது, அவன் பேரில். "ஆடாத ஆட்டத்துக்கு எங்கிட்ட சர்டிபிகேட்டு, ஆடி எலும்ப முறிச்ச ஒனக்கு ஒண்ணுமில்ல. பாத்தியாலே?" என்று சிரித்தான்.

"கோவமா இருந்துச்சா?"

"ஒம்மேலயா? நீ என்ன செய்வ. நான் நல்லா ஆட மாட்டேன்னு எனக்கே தெரியும். வெளிய உக்காரத்தான் போறேன்னும் தெரியும். வேன்ல வந்து வெளிய உக்காந்திருப்பேன், அவ்வளவுதான். அம்மாட்ட என்ன சொல்லன்னு தெரியாம சாயங்காலம் வர ஸ்கூல் படியிலயே இருந்தேன். ஜெயிச்சமான்னு கேட்டா. ரெண்டு ஆட்டம் ஜெயிச்சம்னேன். பனியன் எங்கன்னு கேட்டா."

பனியனை ஆஸ்பத்திரியில் கத்தரித்துத்தான் கழற்றினார்கள். கை தூக்க முடியவில்லை. முதுகுப் பக்கம் சரியாக ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே வெட்டினார்கள். அதை நான் அவனிடம் அன்றுதான் சொன்னேன்.

அவன் மிஷினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு, "அம்மா ரெண்டு தையல் போட்டிருந்தா" என்றான்.

ராத்திரி அக்கா மகளைத் திரும்பக் கூப்பிட்டேன். பிள்ளையைக் கொடுக்கச் சொன்னேன். அவளுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். புதுக் குழுவில் எத்தனை பேர் என்று கேட்டேன். சொன்னாள். அதில் கடைசியாகச் சேர்ந்த பிள்ளை யார் என்று கேட்டேன். யோசித்துவிட்டு ஒரு பேர் சொன்னாள். அந்தப் பிள்ளையோடு பேசினாயா என்று கேட்டேன். இல்லை, நாளைக்குப் பேசுகிறேன் தாத்தா என்றாள்.