விளையாட்டு போனாலும் போகாத டீம்

ஒரு கிரிக்கெட் டீம் இருக்கிறது. நன்றாக ஆடுகிறது, கோப்பை வாங்குகிறது, ஸ்பான்சர் வருகிறது. ஒரு நாள் சாயங்காலம் செய்தி வருகிறது, இந்தியாவில் இனிமேல் கிரிக்கெட் கிடையாது என்று. மட்டை, பந்து, மைதானம் எல்லாம் ஏதோ ஒரு கம்பெனிக்குச் சொந்தம், அந்தக் கம்பெனியின் சரக்கை அரசாங்கம் தடை செய்துவிட்டது. டீம் என்ன செய்யும்?

கிரிக்கெட்டில் இப்படி நடக்காது. கிரிக்கெட் யாருடைய சொத்தும் இல்லை (பிசிசிஐ கோபித்துக்கொள்ளக் கூடாது). ஆனால் செல்போன் விளையாட்டில் நடந்தது. ஒரு முறை இல்லை, இரண்டு முறை. இரண்டு முறையும் அடிபட்டு எழுந்து நின்ற ஒரு அமைப்பின் பெயர் சோல். ஆங்கிலத்தில் அந்தப் பெயரை எழுதும்போது 'ஓ' வரவேண்டிய இடத்தில் 8 என்ற எண்ணைப் போடுவார்கள். அது ஏன் என்பது பின்னால் வரும்.

மும்பைப் பையன்கள் கதை கண்ணமங்கலத்துக்கு எதற்கு என்று கேட்கலாம். வேலூரிலிருந்து திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறினால் வழியில் வரும் ஊர். ஒரு பக்கம் ஜவ்வாது மலை, பக்கத்தில் படவேடு ரேணுகாம்பாள் கோயில், ஒரு ரயில்வே ஸ்டேஷன். ஸ்டேடியம், அகாடமி, கோச் எதுவும் தேடி வராத அளவு ஊர். இந்த மாதிரி ஊர்களில் ஒரு பையன் 'நானும் தொழில்முறை ஆட்டக்காரன் ஆகலாம்' என்று நினைத்த முதல் விளையாட்டு கபடியோ கிரிக்கெட்டோ இல்லை, பப்ஜி. காரணம் ரொம்ப சாதாரணம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, டேட்டா மலிவாயிற்று. 2018-ல் பப்ஜி மொபைல் வந்தது, இலவசம். மைதானம் வேண்டாம், ஷூ வேண்டாம், 'எந்த ஊர், யார் பையன்' என்று கேட்கும் செலக்டர் வேண்டாம். பத்தாயிரம் ரூபாய் போனும் கொஞ்சம் சிக்னலும் போதும். மலைப்பக்கம் போகப் போக அந்தச் சிக்னல் தேய்ந்துபோகும் என்பது வேறு விஷயம்.

சோல் அணியின் ஆரம்பமும் ஏறக்குறைய இப்படித்தான். மும்பையைச் சேர்ந்த நமன் மாத்தூர் என்ற இளைஞர் 'மார்டல்' என்ற பெயரில் மினி மிலிஷியா விளையாடி யூடியூபில் வீடியோ போட்டுக்கொண்டிருந்தார். (மினி மிலிஷியா! வகுப்பில் கடைசி பெஞ்சில் ஹாட்ஸ்பாட் போட்டு ஆடியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.) பப்ஜி வந்ததும் அதற்கு மாறினார். வைப்பர், ரோனக், ஓவைஸ் என்று கூட்டாளிகள் சேர்ந்தார்கள். 2019 மார்ச்சில் ஹைதராபாத்தில் நடந்த பப்ஜி மொபைல் இந்தியா சீரிஸ் இறுதியில் சோல் ஜெயித்தது. முதல் பரிசு 30 லட்சம் ரூபாய்.

அந்த மாதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதே 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் போலீஸ் பப்ஜிக்குத் தடை போட்டு, ஆடிய மாணவர்களைக் கைது செய்தது. இரண்டு மாதம் முன்னால், ஜனவரியில், பரீட்சை பற்றிய நிகழ்ச்சியில் ஒரு தாய் தன் பையன் ஆன்லைன் கேமிலேயே கிடக்கிறான் என்று சொல்ல, பிரதமர் மோடி 'பப்ஜிக்காரனா?' என்று கேட்டுச் சிரிக்க வைத்திருந்தார். அதற்கும் முன்பு வேலூரிலேயே ஒரு பெரிய கல்லூரியின் ஆண்கள் விடுதியில் பப்ஜி கூடாது என்று சுற்றறிக்கை. ஆக, ஒரே விளையாட்டு ஒரு ஊரில் 30 லட்சம், இன்னொரு ஊரில் லாக்கப். எந்த அப்பாவைக் குறை சொல்வது?

இங்கே போட்டி எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. வீட்டில் ஆடும்போது நூறு பேர் தீவில் குதிப்பார்கள். போட்டியில் வழக்கமாகப் பதினாறு டீம், டீமுக்கு நாலு பேர், மொத்தம் 64. நேரம் ஆக ஆக ஆடும் வட்டம் சுருங்கும், வெளியே மாட்டியவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவான். எத்தனையாவது இடம் பிடித்தாய், எத்தனை பேரை வீழ்த்தினாய், இரண்டுக்கும் மார்க். ஒரே மேட்ச் இல்லை, நாள்கணக்கில் பல மேட்ச், எல்லாம் கூட்டிக் கடைசியில் பார்ப்பார்கள். அதனால் ஒரு தடவை அதிர்ஷ்டத்தில் ஜெயிப்பவன் நிற்க மாட்டான். அடுத்த வட்டம் எங்கே விழும், எந்த வீட்டைப் பிடித்து உட்காரலாம், எப்போது வண்டியை எடுக்கலாம் என்று ஒருவர் முடிவெடுப்பார். மற்ற மூவரும் கேள்வி கேட்காமல் செய்ய வேண்டும். இரண்டு கட்டை விரலால் ஆடுகிறவன் இதில் ரொம்ப தூரம் போக முடியாது, மூன்று நாலு விரல் வேண்டும், போனைச் சாய்த்துக் குறிவைக்கும் ஜைரோ பழக வேண்டும். பழக மாதங்கள் ஆகும். 'சும்மா போனை நோண்டுறான்' என்பது கொஞ்சம் அநியாயம்தான்.

2019 ஜூலையில் சோல் பெர்லினில் உலக இறுதிப்போட்டிக்குப் போனது. அங்கே கோப்பை கிடைக்கவில்லை. ஆனால் வெளிநாட்டுக் கம்பெனிகளின் கண் இந்தியாவின் மேல் விழுந்துவிட்டது. லண்டனைச் சேர்ந்த ஃப்னாட்டிக் 2019 கடைசியில் இங்கே ஒரு டீமை எடுத்துக்கொண்டது. அமெரிக்காவின் டிஎஸ்எம் 2020-ல் என்டிட்டி கேமிங்கோடு கைகோத்தது.

வெளிநாட்டுப் பெயர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. அதற்கு ஒரு வருத்தமான உதாரணம் ஏற்கெனவே இருந்தது. அமெரிக்காவின் புகழ்பெற்ற ஆப்டிக் 2018-ல் இந்தியாவில் ஒரு கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் டீம் வைத்திருந்தது. அக்டோபரில் ஷாங்காய் போட்டியில், மேட்ச் நடுவில், ஃபோர்சேகன் என்ற ஆட்டக்காரரின் கம்ப்யூட்டரில் எதிரியைத் தானாகக் குறிவைக்கும் ஏமாற்று சாஃப்ட்வேர் இருப்பதை நடுவர்கள் பிடித்தார்கள். ஃபைலுக்கு அவர் வைத்திருந்த பெயர் 'வேர்டு'. கட்டுரை எழுதும் சாஃப்ட்வேர் போலத் தெரியட்டுமாம். டீம் போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டது, ஆப்டிக் அந்த டீமையே கலைத்துவிட்டது, அவருக்கு ஐந்து வருடத் தடை. கூட ஆடிய மற்ற நால்வர்? அவர்கள் செய்த தப்பு என்று எதுவும் இல்லை. இருந்தாலும் மறுநாள் காலையில் டீம் இல்லை. இன்றைக்கும் உலகத்தில் எங்கேயாவது இந்திய டீம் நன்றாக ஆடினால் யாராவது ஒருவர் கமென்ட்டில் 'வேர்டு' என்று எழுதிவிட்டுப் போவார்.

சரி, சோலுக்கு வருவோம். 2020-ல் இவர்கள் எய்ட்பிட் என்ற இன்னொரு அமைப்போடு சேர்ந்தார்கள். அதை நடத்தியவர் அனிமேஷ் அகர்வால், 'தக்' என்ற பெயரில் தானும் ஆடியவர். லோகேஷ் ஜெயின், கோல்டி என்றால் தெரியும், அவரும் சேர்ந்தார். எய்ட்பிட்டின் 8-ஐ சோலின் நடுவில் செருகியதுதான் அந்த விநோதமான எழுத்து.

கல்யாணம் ஆன வருடமே வீட்டில் இடி. ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் மோதல். மாதக் கடைசியில் டிக்டாக் உட்பட 59 சீன ஆப்களுக்குத் தடை. செப்டம்பர் 2-ம் தேதி இன்னும் 118. அதில் பப்ஜி மொபைல் ஒன்று. விளையாட்டு கொரியாக்காரர்களுடையதுதான், ஆனால் இந்தியாவில் வெளியிட்டது சீனாவின் டென்சென்ட். அக்டோபர் 30-ல் சர்வரும் நின்றது.

இந்த இடத்தில்தான் கதையே இருக்கிறது. வெறும் டீமாக இருந்த அமைப்புகளுக்குச் சம்பளம் கொடுக்கக் காரணம் இல்லாமல் போயிற்று. பயிற்சி செய்ய ஒன்றும் இல்லாத ஆட்டக்காரனை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வார்கள்? சோலில் மட்டும் ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே யூடியூபில் நடிகர் மாதிரி ஆகியிருந்தார்கள். ஜனங்கள் பப்ஜியைப் பார்க்க வரவில்லை, மார்டலைப் பார்க்க வந்தார்கள். அவர் எதை ஆடினாலும் பார்த்தார்கள். ஜிடிஏ-வில் போலீஸ் வேஷம் கட்டினாலும் பார்த்தார்கள், வாலரண்டில் மொக்கை வாங்கினாலும் பார்த்தார்கள். அந்த வருடம் ஈ-ஸ்போர்ட்ஸ் அவார்ட்ஸில் சிறந்த ஸ்ட்ரீமர் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. விளையாட்டு போனது, கூட்டம் போகவில்லை.

2021 ஜூலை 2-ல் கிராஃப்டான் அதே விளையாட்டைப் பெயர் மாற்றி, பிஜிஎம்ஐ என்று கொண்டுவந்தது. அடிபட்டவன் 'போயிட்டான்' என்றிருந்தது 'முடிஞ்சான்' என்று ஆனது, ரத்தம் பச்சையானது, மற்றபடி அதே எராங்கல். சோல் புது ஆட்களைச் சேர்த்தது. ஒமேகா, காப்ளின், ஹெக்டர், அக்‌ஷத். இந்த நாலு பேர் 2022 ஜூனில் பிஜிஎம்ஐ ப்ரோ சீரிஸின் முதல் சீசனை ஜெயித்தார்கள். பரிசோடு ரியாத் உலகப் போட்டிக்கு டிக்கெட்டும் கிடைத்தது. போட்டி ஆகஸ்ட் 11-ல்.

ஜூலை 28-ம் தேதி கூகுளும் ஆப்பிளும் பிஜிஎம்ஐ-யைத் தூக்கிவிட்டன. அரசாங்க உத்தரவு.

உலகக் கோப்பைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சொந்த நாட்டில் அந்த விளையாட்டே இல்லை என்ற நிலையில் வேறெந்த விளையாட்டிலாவது ஒரு டீம் விமானம் ஏறியிருக்குமா என்று தெரியவில்லை. ஏறினார்கள், ஆடினார்கள், கோப்பையில்லாமல் திரும்பினார்கள். 'எதற்குப் போனார்கள்' என்று திட்டியவர்களும் உண்டு. போகாமல் இருந்திருந்தால் அதற்கும் திட்டியிருப்பார்கள்.

இந்த இரண்டாவது தடை பத்து மாதம் நீடித்தது. 2023 மே 29-ல் பிஜிஎம்ஐ திரும்பி வந்தது, மூன்று மாதச் சோதனை என்று சொல்லி. பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் நாளைக்கு மூன்று மணி நேரம், மேலே இருந்தால் ஆறு மணி நேரம்தான் ஆடலாம் என்று கட்டுப்பாடு. (தம்பி அம்மா போனில் ஆடினால் ஆறு மணி நேரம். இதைக் கண்டுபிடிக்க எந்தத் தம்பிக்கும் ஆறு நிமிடம்கூட ஆகியிருக்காது.)

தடை இருந்த அந்த நாட்களிலேயே, 2022 டிசம்பரில், லாஸ் வேகாஸில் சோலுக்கு விருது. 2023-லும் அதே விருது, 2024-லும் அதே. இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். அது சிறந்த டீம் விருது இல்லை, சிறந்த 'கன்டென்ட் குரூப்' விருது. அதாவது வீடியோ போடுவதில் உலக நம்பர் ஒன். ரசிகர்களுக்கு இதைச் சொன்னால் கோபம் வரும், ஆனால் உண்மை அதுதான். இந்தியாவின் மிகப் பெரிய ஈ-ஸ்போர்ட்ஸ் அமைப்பு உலக அளவில் ஜெயித்தது விளையாடி இல்லை, விளையாடுவதைக் காட்டி. அதில் கேவலம் ஒன்றும் இல்லை. அந்த வருமானம்தான் இரண்டு தடையிலும் சோறு போட்டது. ஆனால் கண்ணமங்கலத்தில் ராத்திரி இரண்டு மணி வரை ஜைரோ பழகும் பையனுக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. பெரிய போட்டியில் நிற்பது 64 பேர், அதில் கோப்பை நாலு பேருக்கு. மற்றபடி பணம் வருவது கேமரா முன்னால் உட்கார்ந்து, பெரும்பாலும் ஹிந்தியில், மணிக்கணக்கில் பேசத் தெரிந்தவர்களுக்கு. குறி தப்பாமல் சுடுவது ஒரு திறமை, பேசிச் சிரிக்க வைப்பது வேறு திறமை.

வீட்டுச் சண்டையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 'ஆன்லைன் கேம்' என்ற வார்த்தையைக் கேட்டாலே அம்மாக்களுக்கு ரம்மி ஞாபகம் வரும். பணத்தை விட்டவர்கள், கடன், தற்கொலைச் செய்திகள். பயம் வீண் பயம் இல்லை. 2023-ல் மாநிலச் சட்டமே வந்தது. அந்தச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் தடை செய்த பகுதியை அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் போட்டது. பணம் கட்டி ஆடும் ஆட்டங்கள் ஒரு பக்கம், அவற்றுக்குத் தடை. ஈ-ஸ்போர்ட்ஸ் இன்னொரு பக்கம், அதற்கு அங்கீகாரம். போட்டியில் சேர நுழைவுக் கட்டணம் வாங்கலாம், ஜெயித்தால் பரிசு வாங்கலாம், பந்தயம் மட்டும் கூடாது. தெருவில் பசங்க ஆளுக்கு இருபது ரூபாய் போட்டு, ரூம் ஐடி அனுப்பி, ஜெயித்தவனுக்கு மொத்தத்தையும் கொடுப்பார்களே, அது எந்தப் பக்கம் விழும் என்பதை எந்த வக்கீல் விளக்கினாலும் பசங்க காதில் ஏறப்போவதில்லை.

கொசுறு: 2025-ல் ரியாத் ஈ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையில் செஸ்ஸும் சேர்க்கப்பட்டது. பெரிய அமைப்புகள் கிராண்ட்மாஸ்டர்களை வளைத்துப் போட்டன. கார்ல்சன் டீம் லிக்விட் பனியனில் ஆடிக் கோப்பையும் வாங்கினார். சோல் எடுத்தது இரண்டு பேரை, கேரளத்தின் நிஹால் சரின், மதுரையின் அரவிந்த் சிதம்பரம். அரவிந்த் 2024-ல் சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் ஜெயித்தவர், 2025-ல் பிராகா மாஸ்டர்ஸும். செஸ்ஸை எந்தக் கம்பெனியும் சர்வரிலிருந்து தூக்க முடியாது.