காருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, ஓட்டுகிறவருக்கு?

கார் இன்சூரன்ஸ் பாலிசி கைக்கு வந்ததும் நம்மில் பலர் பார்ப்பது இரண்டு விஷயங்கள்தான். பிரீமியம் எவ்வளவு, எந்தத் தேதி வரை செல்லும். பார்த்துவிட்டு ஆர்.சி.யோடு சேர்த்து வண்டியிலேயே வைத்துவிடுவோம். இப்போது அதுவும் இல்லை. வாட்ஸப்பில் வருகிறது, அங்கேயே கிடக்கிறது.

பொதுத்துறை இன்சூரன்ஸ் அலுவலகம் ஒன்றில் மோட்டார் கிளெய்ம் பிரிவில் பல வருஷம் இருந்தவன் என்பதால், குடியிருப்பில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் பாலிசியை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். பெரும்பாலும் கேள்வி ஒன்றுதான். "சார், பம்பருக்கு முழுசா கிடைக்குமா?" நான் பதிலுக்குக் கேட்பேன்: "வண்டி யார் பேர்ல இருக்கு? யார் ஓட்டறாங்க?" இதை எதற்குக் கேட்கிறார் இந்த மனுஷன் என்பதுபோல் பார்ப்பார்கள். காரணத்தைத்தான் இன்று எழுதுகிறேன்.

பாலிசியைக் காரை வைத்துப் படிக்காமல் ஆட்களை வைத்துப் படித்துப் பாருங்கள். சுலபமாகப் புரியும். ஒரு விபத்தில் அடிபடக்கூடியவர்கள் நான்கு வகை.

முதலாமவர், ரோட்டில் போகிறவர். நடந்து போகிறவர், சைக்கிளில், பைக்கில் போகிறவர், எதிர் வண்டியில் இருப்பவர் எல்லாரும் இதில் அடக்கம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயம் என்று சொல்லும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இவர்களுக்காகத்தான். உயிர்ச்சேதம், காயம் என்றால் இதில் உச்சவரம்பு கிடையாது. தீர்ப்பாயம் சொல்லும் தொகையைக் கம்பெனி கட்ட வேண்டும். அடுத்தவர் சொத்துக்குச் சேதம் என்றால் தனியார் காருக்கு ஏழரை லட்சம் வரை.

இரண்டாமவர், நம் காரில் உட்கார்ந்து வருகிறவர். மனைவி, பேரக்குழந்தை, ஊருக்குப் போகும்போது ஏற்றிக்கொள்ளும் சம்பந்தி. வண்டிக்குப் பத்து வயசு ஆகிவிட்டது, இனி எதற்கு வீண் செலவு என்று வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசிக்கு மாறுகிறவர்கள் நம் வயதுக்காரர்களில் நிறையப் பேர். அந்தப் பாலிசியில் சும்மா கூட வருகிற இவர்களுக்குப் பாதுகாப்பு கிடையாது. பேக்கேஜ் பாலிசி என்கிற முழுப் பாலிசியில் உண்டு. ஐ.ஆர்.டி.ஏ. 2009-ல் ஒரு சுற்றறிக்கையில் இதைத் தெளிவுபடுத்தியது. 2012-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. ஆகவே தேர்ட் பார்ட்டிக்கு மாறும்போது மிச்சமாகும் பணத்தை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்து சீட்டில் யார் உட்காருகிறார்கள் என்பதையும் பாருங்கள்.

மூன்றாமவர், வண்டியின் உரிமையாளர். அவரே ஓட்டும்போது அவருக்கு என்று ஒரு தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. ஒரு காலத்தில் காருக்கு 2 லட்சம்தான் இருந்தது. 2018-ல் 15 லட்சமாக உயர்த்தினார்கள். இதில் நம் வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று லைசென்ஸ். 55 வயதுக்கு மேல் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அது காலாவதியாகி இருந்தால் இந்த 15 லட்சம் இல்லை. இன்னொன்று நாமினி. பாலிசியில் நாமினி என்ற இடத்தில் சரியான பெயர் இருக்கிறதா, காலமாகிவிட்டவர் பெயரே இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்காமவர்தான் சிக்கல். உரிமையாளர் அல்லாத, ஆனால் வண்டியை ஓட்டுகிறவர்.

நம் வீடுகளில் இது சர்வசாதாரணம். ரிட்டயர்மென்ட் பணத்தில் அப்பா கார் வாங்குவார். ஆர்.சி., பாலிசி எல்லாம் அப்பா பெயரில். கண் ஆபரேஷன் ஆனபிறகு அப்பா சாவியைத் தொடுவதில்லை. ஓட்டுவது மகனோ மருமகனோ. பாலிசி மட்டும் வருஷா வருஷம் பழையபடியே புதுப்பிக்கப்படும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இப்படித்தான் இருந்தது. காலையில் என்னோடு நடக்க வருகிற நண்பர் அவர். முப்பத்து நாலு வயசு மகன், அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு மாமனார் ஊருக்குப் போனான். விடியற்காலை, வண்டியில் வேறு யாரும் இல்லை. புளியமரத்தில் மோதிவிட்டது. கண் அசந்திருக்கலாம் என்றார்கள். அங்கேயே போய்விட்டான்.

காரியமெல்லாம் முடிந்து இருபது நாள் கழித்து நண்பர் பாலிசியோடு வந்தார். ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"பதினஞ்சு லட்சம்னு போட்டிருக்கே சார். அதுக்குப் பணமும் வாங்கியிருக்காங்களே."

அந்த வரியில் இருந்தது 'ஓனர்–டிரைவர்' என்ற சொல். உரிமையாளரே ஓட்டினால் மட்டும் என்று அர்த்தம். உரிமையாளர் என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"அப்படின்னா அவன் இடத்துல நான் போயிருந்தா கிடைச்சிருக்கும், இல்லையா?" என்று கேட்டார். நான் என்ன சொல்ல முடியும்? "ஆமாம் சார்" என்றேன்.

தேர்ட் பார்ட்டி என்று கேட்கலாமே என்று உறவினர் ஒருவர் சொன்னாராம். அதற்கும் வழி இல்லை. மோதிய வேறு வண்டி கிடையாது. உரிமையாளரிடம் வண்டியைக் கேட்டு வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், தன் தவறால் நேர்ந்த விபத்துக்குத் தன்னிடமே நஷ்டஈடு கேட்க முடியாது என்பதுதான் நீதிமன்றங்கள் எடுத்துவரும் நிலை. காருக்கு மட்டும் பணம் வந்தது. ஓட்டியவனிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்ததால் அதில் தகராறு ஒன்றும் வரவில்லை. அந்தக் காசோலையை வங்கியில் போடவே நண்பர் பல நாள் போகவில்லை. மருமகளும் மூன்று வயசுப் பேத்தியும் இன்று அவருடைய பென்ஷனை நம்பி இருக்கிறார்கள்.

கம்பெனி ஏமாற்றவில்லை. எழுதியிருந்தபடிதான் நடந்தது. ஆனால் அந்த எழுத்தை விற்கிறவர் விளக்குவதில்லை, வாங்குகிறவர் கேட்பதில்லை.

இதற்குப் பெரிய செலவு இல்லை. கார் உங்கள் பெயரில் இருந்து பிள்ளைகள் ஓட்டினால், அவரவர் பெயரில் தனியாக ஒரு தனிநபர் விபத்துப் பாலிசி எடுக்கச் சொல்லுங்கள். எந்த வண்டியை ஓட்டினாலும், பஸ்ஸில் போனாலும், நடந்து போனாலும் அது செல்லும். கார் பாலிசியிலேயே கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டி, பெயர் குறிப்பிட்டும் சேர்க்கலாம், பயணிகளுக்குப் பொதுவாகவும் சேர்க்கலாம். ஆனால் தலைக்கு 2 லட்சம் என்பதே அதன் உச்சம் என்பதால் தனிப் பாலிசியே நல்லது. இனி எப்போதும் மகன்தான் ஓட்டப்போகிறான் என்றால் வண்டியை அவன் பெயருக்கே மாற்றிவிடுவதும் ஒரு வழி. சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருக்கிறவர்கள், பாலிசியில் 'பெய்டு டிரைவர்' என்ற இனத்தில் பணம் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வருஷத்துக்கு ஐம்பது ரூபாய் சமாசாரம் அது. அதைக்கூட விட்டுவிடுகிறார்கள்.

சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உரிமையாளர் காலமாகிவிட்டால் பாலிசி அதன் முடிவுத் தேதி வரை தானாக ஓடாது. இறந்த நாளிலிருந்து மூன்று மாதம், அல்லது பாலிசி முடியும் நாள், இதில் எது முன்னால் வருகிறதோ அதுவரைதான். அதற்குள் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். துக்கத்தில் இதெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்? அதனால் இப்போதே பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

சரி, பம்பர் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்கள், டயர், பேட்டரி இவற்றுக்கு விலையில் பாதியைத் தேய்மானம் என்று கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கூடிக்கொண்டே போய், பத்து வருஷம் தாண்டினால் அதுவும் பாதி. இதற்கு மேல் 1500 சி.சி. வரையுள்ள காருக்கு 1000 ரூபாய், அதற்கு மேற்பட்டதற்கு 2000 ரூபாய் ஒவ்வொரு கிளெய்மிலும் நம் கைக்காசு. 'ஜீரோ டெப்ரிசியேஷன்' எடுத்திருந்தால் தேய்மானக் கழிவு பெரும்பாலும் இருக்காது.

பம்பர் போனால் வேறு பம்பர் மாட்டிக்கொள்ளலாம். இன்று சாயங்காலம் ஐந்து நிமிஷம் ஒதுக்கி, பாலிசியின் முதல் பக்கத்தை மகனையோ மகளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஓட்டுகிறவர் யார், அவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். ஒன்றும் இல்லை என்றால் நாளைக்கே ஏஜெண்டைக் கூப்பிடுங்கள்.