சேப்பாக்கத்தில் ஏறி இறங்குவது

சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்துக்கு முன்னால் மெரினா கடற்கரைச் சாலை. பின்னால் பக்கிங்காம் கால்வாயை ஒட்டிப் பறக்கும் ரயில் பாதை. 1995-இல் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை முதலில் ஓடிய இந்த ரயில், 2007-இல் வேளச்சேரியைத் தொட்டது. கட்டணம் குறைவு, நெரிசலும் குறைவு. ஆனால் மாணவிகளுக்கு அந்த நெரிசல் இல்லாததுதான் சிக்கல். கூட்டத்தை எதிர்பார்த்து அகலமாகக் கட்டிய இந்தப் பாதையின் நிலையங்கள் பலவற்றில் கடைகள் வரவில்லை. பொழுது சாய்ந்தால் படிக்கட்டுகளில் ஆள் நடமாட்டம் அற்றுப்போகிறது. விளக்கு மட்டும் போட்டால் போதாது. பக்கத்தில் ஒரு டீக்கடை திறந்திருந்தால் வரும் தைரியமே வேறு.

பேருந்தில் கதை நேரெதிர். அங்கே தொல்லை கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டு வருகிறது. கல்லூரி மாணவி ஒருவரின் மரணத்தை அடுத்து 1998-இல் தமிழகம் கொண்டுவந்த ஈவ் டீசிங் தடைச் சட்டத்தில் பலர் அறியாத பிரிவு ஒன்று உண்டு: ஓடும் பேருந்தில் பெண் புகார் சொன்னால், வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுபோவது ஊழியர்களின் கடமை. நடத்துநர்கள் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. கையில் காசில்லாத நாளிலும் பேருந்துக்காகக் காத்திருக்கலாம். தனியே நடந்து போக வேண்டியதில்லை. அவசரத்துக்கு 181 என்ற மகளிர் உதவி எண்ணும் உண்டு.