கடல் பார்க்கப் போன பிள்ளை

2025 ஒக்டோபரில் எங்கள் பாடசாலையிலிருந்து அம்பாந்தோட்டைக்கு ஒரு கல்விச் சுற்றுலா ஏற்பாடு செய்தோம். பசறைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள். பலர் கடலையே கண்டதில்லை. சம்மதக் கடிதங்களைச் சேர்ப்பது என் பொறுப்பு. நாற்பத்தொரு பிள்ளைகளில் நாற்பது பேருடைய கடிதங்கள் இரண்டு நாட்களில் வந்து சேர்ந்தன. சிலவற்றில் கையொப்பம், சிலவற்றில் பெருவிரல் அடையாளம். எவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வராத கடிதம் ஏழாந்தர மாணவி ஒருத்தியுடையது. தாய் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். பிள்ளை லயத்தில் அம்மாயியோடு இருக்கிறாள். "அம்மா ஒங்க நம்பர கேட்டிச்சு சேர்" என்றாள். கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் சுபஹுக்கு எழுந்தபோது வட்ஸ்அப்பில் ஆறு குரற்செய்திகள் கிடந்தன. அவள் வேலை முடிந்து படுக்கும் நேரம் இங்கே நள்ளிரவுக்கும் பிந்தியது. பஸ் யாருடையது? சாரதிக்கு அந்தப் பாதை பழக்கமா? பிள்ளை எந்த ஆசனத்தில் இருப்பாள்? கடைசியாக, "ராவு ரெண்டு மணிக்கு ஏன் சேர் கெளம்புறீங்க? விடிஞ்ச பொறகு போனா கடல் ஓடியா போயிரும்?"

எனக்கு எரிச்சல் வந்தது, அதை மறைக்கவில்லை. மூன்று வருடமாகப் பிள்ளையைப் பாராதவளுக்கு இப்போதுதான் கரிசனை வந்ததா என்றும் மனம் சொன்னது. "பயப்பட ஒன்றுமில்லை, நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்று சுருக்கமாகப் பதில் அனுப்பினேன்.

அன்றிரவே அவளுடைய பதில் வந்தது. "அங்க இருக்கிறவங்க ஒன்னு ஆச்சுன்னா ஓடி வந்துருவாங்க சேர். நான் எப்புடி வர்றது? பாஸ்போட்டு கூட என் கையில இல்ல."

அதன்பின் எனக்கு உறக்கம் வரவில்லை.

அவள் போனது 2022இல், நாடே எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற வருடம். சிறுபிள்ளைகளுள்ள பெண்கள் வீட்டு வேலைக்குப் போவதைக் கட்டுப்படுத்த 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை வந்தது. தாய் போனபின் பிள்ளையை யார் பார்ப்பார் என்று அதில் கேட்டார்கள். பிள்ளைக்கு ஒன்று நேர்ந்தால் தாய் எப்படித் திரும்பி வருவாள் என்று நாம் யாரும் கேட்டதில்லை.

அவளுடைய பயம் வெறும் பயமுமல்ல. 2021 மார்ச் 20இல் லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறை 13ஆம் மைல்கட்டையருகே பள்ளத்தில் விழுந்தது எங்கள் கண்முன்னே நடந்த துயரம். 2025 செப்டெம்பர் 4 இரவு, சுற்றுலா வந்த தங்காலை நகர சபை ஊழியர்களின் பஸ் எல்ல - வெல்லவாய வீதியில் பள்ளத்தில் விழுந்து 15 பேர் மாண்டனர். நாங்கள் இருட்டில் இறங்கத் திட்டமிட்டிருந்ததும் அதே வீதியால்தான்.

வீட்டிலிருந்தால் பத்திரம் என்றும் சொல்வதற்கில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தவில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, பாடசாலைக்குப் போயிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் உண்டு. ஆனால் அதை அவளுக்கு நான் சொல்லவில்லை. அவளுடைய தாயும் மகளும் உறங்குவது லயத்தில் அல்லவா?

ஏன் இரவு இரண்டு மணி? யோசித்துப் பார்த்தேன். ஒரே நாளில் கதிர்காமத்தையும் திஸ்ஸமகாராமையையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்பதற்காகத்தான். ஆசிரியர் கலாசாலையில் சுற்றுலாத் திட்டம் எழுதப் படித்தோம். அதை ஒரு தாயின் காதால் கேட்டுப் பார்க்கப் படிக்கவில்லை.

அதிபரிடம் பேசினேன். இரண்டு இடங்களை விட்டோம். விடிந்தபின் புறப்படுவது, இருட்டுமுன் மலையேறிவிடுவது என்று முடிவாயிற்று. பஸ்ஸின் தடுப்பை மெக்கானிக் ஒருவரைக் கொண்டு பார்த்தோம். நாற்பத்தோராவது சம்மதம் குரலில் வந்தது. அம்மாயி பெருவிரல் வைத்தாள்.

போகும் வழியில் வெல்லவாயவிலிருந்தும் தனமல்விலவிலிருந்தும் அவளுக்குச் செய்தி அனுப்பினேன். அம்பாந்தோட்டையில் பிள்ளை முழங்கால் நனைய நின்று, "அம்மா இதத் தாண்டியா சேர் போனிச்சு?" என்று கேட்டாள். தலையசைத்தேன். கைபேசியை நீட்டி அலையின் ஓசையைப் பதிந்து அனுப்பினேன்.

மாலை ஆறரைக்குப் பசறை வந்து சேர்ந்தோம். நள்ளிரவுக்குப் பின் பதில் வந்திருந்தது. கடலைப் பற்றி ஒரு வார்த்தையுமில்லை.

"பிள்ள சாப்புட்டாளா சேர்?"

மற்ற நாற்பது வீடுகளில் எவரும் கேட்காதது நம்பிக்கையாலா, வாத்தியாரிடம் கேட்கக் கூச்சத்தாலா என்று இப்போது யோசிக்கிறேன். அடுத்த சுற்றுலாவுக்குக் கடிதம் அனுப்புமுன் அவர்களைக் கூட்டி, கேளுங்கள் என்று சொல்லவேண்டும்.