கொசுறுக் கணக்கு

மயிலாப்பூர் மாட வீதியில் கத்திரிக்காய் வாங்கினால் ஒரு பிடி கறிவேப்பிலை கொசுறாக வரும். வராவிட்டால், வாய் திறந்து ஒன்றும் சொல்லாமல் மறுநாள் வேறு கடைக்குப் போய்விடுவோம். வியாபாரத்தின் சூட்சுமம் பாதி அந்தக் கறிவேப்பிலையில்தான் இருக்கிறது.

ஆகாய விமானக் கம்பெனிகளும் இதைக் கண்டுகொண்டன. 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பிரயாணி பறந்த மைல்களைக் கணக்கில் வைத்து, போதுமான அளவு சேர்ந்ததும் இனாம் டிக்கெட் தரும் திட்டத்தைத் தொடங்கிற்று. மற்றக் கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. நம் ஏர் இந்தியாவும்தான்.

தியாகராய நகரில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. பிள்ளை அமெரிக்காவில். வருஷம் ஒரு தடவை தம்பதிகள் போய் வருவார்கள். மாமிக்கு முழங்கால் வலி. ஒரு தடவையாவது அவளைப் படுத்துக்கொண்டே அழைத்துப் போகவேண்டும் என்று சிநேகிதர் புள்ளி சேர்க்க ஆரம்பித்தார். வேறு கம்பெனியில் டிக்கெட் மூவாயிரம் ரூபாய் குறைவு என்றாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். பாண்டி பஜாரில் பனியன் வாங்கினாலும் புள்ளி தரும் கார்டில்தான் வாங்குவார். அந்தப் புள்ளிகளை விமானக் கம்பெனி வங்கிக்கு விலைக்கு விற்கிறது என்பதெல்லாம் அவர் கவலை அல்ல. ஒரு மார்ச் மாதம், ஒரே ஒரு பிரயாணம் குறைந்து வெள்ளிக் கார்டு பறிபோகும் போலிருந்தது. காலையில் பெங்களூருக்குப் பறந்து, மசால் தோசை சாப்பிட்டுவிட்டு மாலையில் திரும்பினார். அதைவிட விலை உயர்ந்த தோசையை நான் கேள்விப்பட்டதில்லை!

பிறகு காற்று மாறியது. 2015-ல் டெல்டாவும் யுனைடெட்டும் தூரத்தை விட்டுவிட்டு, கொடுத்த கட்டணத்துக்குத் தகுந்தபடி புள்ளி தர ஆரம்பித்தன. 2024 ஏப்ரலில் ஏர் இந்தியாவும் அந்த வழிக்கு வந்தது. ஆபீஸ் செலவில் அவசரமாக டில்லி போகும் அதிகாரிக்கு இதில் லாபம். ஆறு மாதம் முன்பே மலிவு டிக்கெட் வாங்கிச் சமுத்திரம் தாண்டும் தாத்தாவுக்கு நஷ்டம். அதிகம் கொடுப்பவனுக்கு அதிகம் என்பதை நான் அநியாயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஏற்கெனவே சேர்த்து வைத்தது என்ன ஆவது? சிநேகிதர் நம்பியிருந்த கம்பெனி (பெயர் எதற்கு?) படுக்கை ஆசனத்துக்கு வேண்டிய புள்ளிகளையும் ஒரு நாள் உயர்த்திவிட்டது. எட்டு வருஷச் சேமிப்பு போதாமல் போயிற்று.

அன்று மாமிதான் நிதானமாகச் சொன்னாள்: "கொசுறுன்னா நம்ம பையிலே விழணும். கடைக்காரன் கல்லாவிலேயே விட்டுவெச்சா அது எப்படி நம்மதாகும்?"

சிநேகிதர் இப்போது எந்தக் கம்பெனியில் விலை குறைவோ அதில் போகிறார். அப்படி மிஞ்சிய பணத்தில், போன தடவை மாமிக்குக் கால் நீட்ட வசதியான ஆசனம் ஒன்று வாங்கினார். தாம் பின்வரிசையில், நடு ஆசனத்தில் இடுங்கிக்கொண்டு போனாராம். அந்தப் பிரயாணத்துக்கு எத்தனை புள்ளி என்று அவர் இதுவரை பார்க்கவில்லை.